கன்னொறுவைப் போர் (1638): கூட்டணியின் வெற்றியும் அதன் கதியும்

பேராதனைத் தாவரவியற் பூங்காவை மூன்று பக்கமும் வளைத்தோடும் மகாவலி கங்கையின் மறுகரையிலே கன்னொறுவை அமைந்துள்ளது. இன்று அங்கு வேளாண்மைத் திணைக்களத்தின் ஆய்வு நிலையங்கள் உள்ளன. அவ்வழியே நாள்தோறும் சென்றுவரும் நம்மவருட் பலர், 1638 மார்ச் 28 ஆம் நாள், குருத்தோலை ஞாயிறன்று, அவ்விடத்திலே ஐரோப்பியப் படையொன்று ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டது என்பதைப் பாடசாலை வரலாற்றிற் படித்திருப்பர். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை வென்றான் என்ற ஒற்றை வாக்கியமாக அது நம் நினைவில் நின்றுவிட்டது. அவ்வாக்கியத்தின் எழுவாய் சரியானதுதானா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினாவாகும்.

ஒரு போரை யார் வென்றனர் என்று கேட்பது எளிது. விடை கூறுவதுதான் கடினம். அரசன் பெயரால் நிகழ்ந்த போரில் அரசனைத் தவிர வேறு யார் யார், என்னென்ன நலன்களை முன்னிட்டு ஒன்றுசேர்ந்தனர். வெற்றியின் பயன் அவர்களுள் யாரைச் சென்றடைந்தது. பின்வந்த இலக்கியம் அதனை எவ்வாறு பதிவுசெய்தது என்னும் மூன்றையும் சேர்த்து நோக்கும்போதே போரின் சமூகப் பொருள் புலப்படும். இலக்கிய மாணவராகிய நாம் வரலாற்றுத்துறையினரின் முயற்சிகளுக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். சிறப்பாக, இலங்கையில் ஒல்லாந்தர் ஆதிக்கம் நிலைகொண்டமை பற்றிக் கே. டபிள்யூ. குணவர்த்தன 1958 இல் வெளியிட்ட நூல் இப்பொருள் பற்றிச் சிந்திப்போர் எவரும் கடந்து செல்ல முடியாதது. அத்தகைய ஆய்வுகள் தரும் செய்திகளை இலக்கியச் சான்றுகளோடு பொருத்திப் பார்ப்பதே இங்கு நாம் செய்வது.

1. முரண்பாட்டின் அடித்தளம்

கன்னொறுவைப் போருக்குக் காரணமாக ஒரு கதை வழங்குகின்றது. இராசசிங்கன் போர்த்துக்கேய வணிகன் ஒருவனுக்கு யானையொன்றைப் பரிசளித்தான் என்றும், தளபதி தியோகோ டி மெலோ டி கஸ்ட்ரோ அதனைப் பறித்துக்கொண்டான் என்றும், பின்னர் அத்தளபதி கண்டிக்கு விற்பனைக்கனுப்பிய இரு குதிரைகளை அரசன் திருப்பியனுப்ப மறுத்தான் என்றும், அதனாற் போர் மூண்டதென்றும் அக்கதை கூறும். யானைக்கும் குதிரைக்குமாகப் பேரரசுகள் மோதின என்று கூறுவது சுவையான கதை. ஆயின் அது காரணமாகாது. வெடிமருந்து ஏலவே குவிந்திருந்தது. யானை தீப்பொறி மாத்திரமே.

குவிந்திருந்தது யாது? 1594 இல் பெட்ரோ லோப்பேஸ் டி சூசா தலைமையிற் கண்டிமீது வந்த படை தந்துறையில் அழிந்தது. 1630 ஆகஸ்ட் 25 இல், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள இரந்தெனிவெலவிலே கொன்ஸ்தந்தீனு டி சா தன் படையோடு மடிந்தான். இத்தோல்விகளுக்கிடையிலும் போர்த்துக்கேயர் மலைநாட்டின்மீது கண்வைத்தமைக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. கறுவாவே அவர்களின் இலங்கை ஆட்சிக்கு ஆதாரமாயிருந்தது. கறுவா உரிப்போர் தம் சாதிக்குரிய சேவையாக அதனைக் கட்டாயமாகச் செலுத்தவேண்டியவராயினர். கிராமங்கள் போர்த்துக்கேயக் குடியேறிகளுக்கு மானியமாயின. கோட்டை இராச்சியத்திலே நிலவிய பழைய நிலமானிய உறவுகளை அவர்கள் அழிக்கவில்லை. அவற்றைக் கைப்பற்றி, ஏற்றுமதி வணிகத்தின் தேவைக்கேற்ப இறுக்கினர். பழைய நிலவுடைமையாளன் தன் களஞ்சியம் நிறைந்தபின் ஓய்வான். உலகச் சந்தைக்காகப் பறிப்பவனுக்கோ ஓய்வென்பதில்லை.

மறுபுறத்திலே கண்டி இராச்சியத்தின் குரல்வளை நெரிக்கப்பட்டது. 1619 இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1620களின் முற்பகுதியிலே திருகோணமலைக் கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்டு அங்குக் கோட்டை எழுந்தது. 1628 இல் மட்டக்களப்பிலும் கோட்டை எழுந்தது. உப்பும் துணியும் மலைநாட்டுக்குள் வருவதற்கும், பாக்கும் மிளகும் வெளியே செல்வதற்கும் உரிய வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பரப்பிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களை ஏற்று, அவர்களுட் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். இதனைத் தனியொரு மன்னனின் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கடல் வணிகத்தை அறிந்த மக்கட்கூட்டம் ஒன்று, கடல் அடைபட்ட அரசுக்கு வேண்டியிருந்தது. புகலிடம் அம்மக்களுக்கு வேண்டியிருந்தது. தேவைகளின் இச்சந்திப்பே கூட்டணி எனப்படுவது.

இவ்வாறு நோக்கின், 1630களிலே போர்த்துக்கேய ஆதிக்கத்துக்கு எதிராக அணிவகுத்து நின்றோர் ஓரினத்தவரோ ஒரு சமயத்தவரோ அல்லர் என்பது தெளிவாகும். மலைநாட்டுச் சிங்கள விவசாயிகள், கண்டியின் மேலாண்மையை ஏற்றிருந்த கீழைக்கரைத் தமிழ் வன்னிமைகள், வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், தாழ்நாட்டில் அந்நியனுக்குச் சேவகம் செய்துகொண்டே மனம் கசந்திருந்த குடியானவர் ஆகிய அனைவரும், ஒருவரையொருவர் அறிந்தோ அறியாமலோ, ஒரே முரண்பாட்டின் ஒரே பக்கத்திலே தள்ளப்பட்டிருந்தனர்.

2. போர்க்களம்

தியோகோ டி மெலோவின் படையிலே போர்த்துக்கேயர் எழுநூறு தொடக்கம் தொளாயிரம் பேர் வரை இருந்தனரென நூல்கள் கூறுகின்றன. அவர்களினும் பன்மடங்கு தொகையினர் லஸ்கரீன்கள், அதாவது நிலத்துக்குப் பதிலாகப் படைச்சேவை செய்யக் கடமைப்பட்ட தாழ்நாட்டுச் சிங்களக் குடியானவர். ஆபிரிக்கக் காப்பிரிகளும் இந்திய மேலைக்கரையிலிருந்து கொணரப்பட்ட கன்னடரும் அப்படையில் இருந்தனர். சுருங்கக் கூறின், போர்த்துக்கேயப் படை என்பது பெரும்பாலும் போர்த்துக்கேயர் அல்லாதோரின் படையே.

பலனக் கணவாய் வழியாக மேலேறிய படை செங்கடகல நகரை அடைந்தபோது அங்கு எதிர்ப்போர் இலர். மக்கள் தம் பொருள்களுடன் காடுகளுக்குட் சென்றுவிட்டனர். வெறும் நகரைத் தீயிட்ட படை திரும்ப வேண்டியதாயிற்று. இது கண்டியினர் நெடுங்காலம் கைக்கொண்ட உபாயம். நகரை விட்டுக்கொடுத்து, திரும்பும் வழியை மறித்தலே அவ்வுபாயத்தின் சாரம். கன்னொறுவையை அடைந்தபோது மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டு வழி அடைக்கப்பட்டிருந்தது. நீர்நிலைகளை அணுக இயலவில்லை. மரங்களின் மறைவிலிருந்து அம்புகளும், கொடித்துவக்கு எனப்படும் உள்நாட்டுச் சிறு பீரங்கியின் குண்டுகளும் பாய்ந்தன. இராசசிங்கனோடு அவன் சகோதரனும் மாத்தளையை ஆண்டவனுமாகிய விசயபாலனும் இப்போரில் நின்றான்.

மரம் வெட்டியவன் யார்? வழியறிந்து மறித்தவன் யார்? நெல்லை மறைத்து ஊரைக் காலிசெய்தவன் யார்? இராசகாரியக் கடமையின்பாற்பட்ட மலைநாட்டு விவசாயியே. அம்மலைக்காடு அவனுக்கு விறகும் தேனும் சேனைப்பயிரும் தந்த இடம். வந்தவனுக்கோ அது வழி தெரியா வெளி. கண்டியின் மலைகளே கண்டியைக் காத்தன என்று கூறுவது மரபு. அம்மலைகளை அரணாக்கிய உழைப்பு யாருடையது என்பதை அம்மரபு கூறாது விடுகின்றது.

போரின் முடிவைத் தீர்மானித்த நிகழ்ச்சி லஸ்கரீன்கள் போர்த்துக்கேயரைக் கைவிட்டமையாகும். தளபதி களத்தில் மடிந்தான். போர்த்துக்கேயருள் உயிருடன் எஞ்சியோர் 33 பேரே என்பது நூல்களில் மீண்டும் மீண்டும் வரும் கணக்கு. எட்டாண்டுகளுக்கு முன் இரந்தெனிவெலவிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு முதலிமார் நால்வர் முன்கூட்டியே கண்டியுடன் தொடர்புகொண்டு தம் படைகளுடன் அணிமாறினர். போர்த்துக்கேய ஆசிரியர்கள் இதனைத் துரோகம் என்றே எழுதினர். குவேறோஸ் பாதிரியாரின் பெருநூலிலும் அக்குரல் ஒலிக்கக் காணலாம். தம் ஊழியனாயிருந்தவன் தமக்கெதிராகத் திரும்புவதை ஆளும் வர்க்கம் வேறெந்தச் சொல்லாலும் குறித்ததில்லை. ஆயின் எந்த நிலத்துக்காகச் சேவை செய்தானோ அந்த நிலத்தின் பயனைத் தன்னிடமிருந்து பறித்தவனுக்கு லஸ்கரீன் பட்ட கடன் யாது? இரந்தெனிவெலவில் முதலிமாரின் அணிமாற்றத்திலே உயர்குடியினரின் பேரமும் கலந்திருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் தலைவன் சொன்னவுடன் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே திரும்புவதற்கு, திரும்பத் துணியும் மனநிலை அவர்களிடையே முன்னரே முதிர்ந்திருத்தல் வேண்டும்.

இங்கு ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. காப்பிரிக்கும் கன்னடனுக்கும் திரும்பிச் செல்ல அம்மண்ணில் ஒரு கிராமம் இல்லை. அணிமாறும் உரிமைகூட நிலத்தோடு பிணைந்தவனுக்கே வாய்த்தது. வேரோடு பிடுங்கப்பட்டு வந்தவன் தனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத போரிலே சிக்கினான். வெற்றிப் பாடல்களில் அவன் எதிரியின் கூட்டத்துள் ஒருவனாக மட்டுமே வருகின்றான்.

3. பாடலும் பாடாமையும்

இராசசிங்கனின் போர்களைப் பாடும் சிங்களச் செய்யுள்கள் 'ஹடன' என்னும் வகையைச் சார்ந்தன. 'பரங்கி ஹடன', 'மகா ஹடன' ஆகியன இவ்வகையில் நன்கறியப்பட்டவை. போர்த்துக்கேயர் பக்கத்திலும் இவ்வகை பயன்பட்டது என்பதற்குக் கொன்ஸ்தந்தீனு டி சாவைப் புகழும் 'குஸ்தந்தீனு ஹடன' சான்றாகும். ஒரே இலக்கிய வடிவம் இரு எதிரணிகளுக்கும் பணிபுரிந்தமை மனங்கொள்ளத்தக்கது. பாவலன் யாரை அண்டி வாழ்ந்தானோ அவனே பாட்டுடைத் தலைவனானான்.

தமிழிலக்கிய மாணவருக்கு இது புதிதன்று. சங்க இலக்கியம் போற்றும் பெரும்போர்களை எண்ணிப் பார்ப்போம். வெண்ணியிலே கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் வேளிர் பதினொருவரையும் வென்றான். தலையாலங்கானத்திலே நெடுஞ்செழியன் சேரசோழரையும் வேளிர் ஐவரையும் வென்றான். இரு போர்களிலும் கூட்டாக நின்றோர் தோற்றனர், தனியொருவன் வென்றான். பலர் கூடிப் பெற்ற வெற்றியைக் கொண்டாடும் பெரும்பாடல் நம் மரபில் அரிது. கூட்டணி என்பது பாடலுள் நுழைவதற்குத் தோல்வியடைதல் ஏறத்தாழ ஒரு நிபந்தனையாகவே இருந்திருக்கின்றது. தோற்ற எழுவரையோ பதினொருவரையோ எண்ணிக்காட்டுவது வென்றவனின் பெருமையைப் பெருக்கும் வாய்பாடு. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வு, இத்தகைய வாய்பாடுகள் பாணர் மரபின் உற்பத்திமுறையோடு பிணைந்தவை என்பதை நமக்கு உணர்த்திற்று. சோழப் பேரரசுக் காலத்துக் கலிங்கத்துப்பரணியிலும் இதன் வளர்ச்சியைக் காணலாம். கலிங்கம் சென்று பொருதவன் கருணாகரத் தொண்டைமான். பாட்டின் உச்சத்தில் நிற்பவன் முதற் குலோத்துங்கன்.

ஹடன நூல்களும் இவ்வாறே இயங்குகின்றன. கன்னொறுவை பலர் கூடி வென்ற போர். பாடப்பட்டதோ ஒருவன் வென்ற போராக. வெண்ணியில் எதிரணி பன்மையாக்கப்பட்டமை போல, இங்கும் பன்மை எதிரிக்கே உரியதாயிற்று. பரங்கியின் படை பல சாதியினர் கலந்த கூட்டமாகவும் அரசனின் படை ஒருமையாகவும் சித்திரிக்கப்படுகின்றது. உண்மையில் இரு பக்கமும் கலப்பே. ஒரு பக்கத்தின் கலப்பு இழிவாகவும் மறுபக்கத்தின் கலப்பு இல்லாததாகவும் ஆக்கப்பட்டமை கருத்துநிலையின் தொழிற்பாடாகும். ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979 இல் வெளியிட்ட 'சிங்கத்தின் மக்கள்' பற்றிய கட்டுரை, சிங்கள இன அடையாளம் வரலாற்றுக் கட்டங்கள்தோறும் வெவ்வேறு சமூகக் குழுக்களைத் தழுவி மாறிவந்ததென வாதித்தது. அதன்பின் எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டுப் போர்ப்பாடலைப் பிற்கால இனவாத வாசிப்பின் கண்ணாடி வழியே மட்டும் படிப்பது தவறு என்பதில் ஐயமில்லை.

இதற்கு மறுதலையாக, கன்னொறுவையிலே தமிழர் எத்தனை பேர் நின்றனர் என்று எண்ணிக்காட்டி, அவ்வெற்றியில் நம் பங்கைக் கோரும் போக்கையும் நாம் ஏற்பதற்கில்லை. பங்குப்பிரிப்பு உணர்வு மறுபக்க இனவாதத்தின் நிழலே. மட்டக்களப்பு வன்னியனும் கண்டி விவசாயியும் தாழ்நாட்டு லஸ்கரீனும் ஒரே ஒடுக்குமுறையின் வெவ்வேறு முனைகளில் நின்றனர் என்பதே பொருட்படுத்தத்தக்கது. தலைகளை எண்ணுவதன்று, உறவுகளை அறிவதே வரலாறு.

4. கூட்டணியின் கதி

இனி, வெற்றியின் பயன் யாருக்குச் சென்றது என்பதை நோக்குவோம். 1636 இலேயே இராசசிங்கன் பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்குக் கடிதம் எழுதி உதவி வேண்டியிருந்தான். கன்னொறுவைக்கு 51 நாள்களின் பின், 1638 மே 18 இல், அட்மிரல் வெஸ்டர்வோல்ட்டின் கப்பல்களும் கண்டிப் படையும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றின. மே 23 இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஒல்லாந்தரின் போர்ச்செலவைக் கறுவா முதலிய பொருள்களால் அரசன் ஈடுசெய்வான். கறுவா வணிகத்தின் தனியுரிமை ஒல்லாந்தருக்குரியது. கைப்பற்றப்படும் கோட்டைகளிலே ஒல்லாந்தப் படை நிற்பது பற்றிய பிரிவில், 'அரசன் விரும்பினால்' என்ற பொருள்பட அமைந்த சொற்கள் போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தன. ஒல்லாந்த மொழிப் படியில் இல்லை. ஒரு நாட்டின் கரையோரம் முழுவதும் அச்சில சொற்களின் இடைவெளியிலே நழுவிச்சென்றது.

இதனை ஒல்லாந்தரின் வஞ்சகம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. 1602 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பங்குதாரரின் இலாபத்துக்காக இயங்கிய வணிக நிறுவனம். பதினேழாம் நூற்றாண்டின் முதன்மையான முதலாளித்துவ நாடு ஒல்லாந்தே என்று கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதல் நூலிலே குறிப்பிட்டு, அதன் குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளை ஆதி மூலதனத் திரட்டலோடு இணைத்துக் காட்டினார். அத்தகைய நிறுவனத்துக்கும் ஒரு நிலமானிய அரசனுக்கும் இடையிலான உடன்படிக்கை சமத்துவமானதாக அமைந்திருக்க இயலாது. 1640 இல் காலியும், 1656 மே 12 இல் கொழும்பும் வீழ்ந்தன. கொழும்பின் வாயில் அரசனுக்குத் திறக்கப்படவில்லை. 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயிற்று. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்கள மக்கள் சொல்லும் பழமொழியை இந்நிகழ்ச்சியோடு பொருத்துவது வழக்கம். அப்பழமொழியின் கசப்பு அரசனுடையதைவிட, கறுவாவுரித்தவனுடையதாகவே நமக்குத் தோன்றுகின்றது. அவனுக்கு எசமானின் மொழி மாறிற்று, கடமை மாறவில்லை.

கூட்டணி மேலிருந்தும் உடைந்தது. கன்னொறுவையில் தோளோடு தோள் நின்ற விசயபாலன் 1640களிலே தம்பியுடன் பகைத்து, தான் எதிர்த்துப் போரிட்ட போர்த்துக்கேயரிடமே அடைக்கலம் புகுந்து, கோவாவிலே இறந்தான். கீழிருந்து எழுந்த உடைவு இதனினும் பொருள் பொதிந்தது. 1664 டிசம்பரிலே, பேராதனைக்குத் தெற்கேயுள்ள நிலம்பையில், அம்பன்வெல இராளை முதலியோர் தலைமையில் இராசசிங்கனுக்கு எதிராகவே கிளர்ச்சி மூண்டது. அக்காலத்திலே கண்டி நாட்டிற் சிறைப்பட்டிருந்து, 1679 இல் தப்பிச்சென்று, 1681 இல் நூல் வெளியிட்ட ரொபட் நொக்ஸ் இக்கிளர்ச்சியை விவரித்துள்ளார். ஓய்வில்லாக் காவற்கடமையும் அரச சேவையும் மக்களை வாட்டியமை அவர் எழுத்தாற் புலப்படும். கிளர்ச்சி அடக்கப்பட்டது, அரசன் ஹங்குரன்கெத்தைக்கு நகர்ந்தான். கன்னொறுவையிலிருந்து நிலம்பைக்கு வழி சில மைல்களே. இடைப்பட்ட காலம் இருபத்தாறு ஆண்டுகளே. அந்நியனை விரட்டிய வெற்றி, உழுதவனின் தோளிலிருந்து சுமையை இறக்கவில்லை.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு முடிவுகளை முன்வைக்கலாம். முதலாவது, கன்னொறுவை வெற்றி ஒடுக்கப்பட்ட பல்வேறு மக்கட்பிரிவினர் ஒரே திசையில் இயங்கியமையாற் கிடைத்தது. இரண்டாவது, அவ்வியக்கத்துக்குத் தனக்கெனத் தலைமையோ வேலைத்திட்டமோ இல்லாமையால், அதன் பயன் முதலில் அரண்மனைக்கும் பின்னர் கம்பனிக்கும் சென்றது. பொது எதிரி கூட்டணியைத் தோற்றுவிக்கலாம். பொது நலனே அதனை நிலைபெறச் செய்யும்.

1638 இலிருந்து 177 ஆண்டுகளின் பின், 1815 மார்ச் 2 இல், கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் செய்து தம் நாட்டையே கையளித்தனர். நாயக்கர் மரபினனான அரசனை அந்நியன் என்று கூறி அகற்றிய அப்பிரதானிகளுட் சிலர் அவ்வொப்பந்தத்தில் தமிழெழுத்திலேயே கையொப்பமிட்டிருந்தனர். உயர்குடியினரின் இனப்பற்று எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. அதன்பின் கோப்பியும் தேயிலையும் இம்மலைகளை மூடின. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்தோர் அவற்றை நட்டு வளர்த்தனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, அயற்கிராமத்துச் சிங்கள விவசாயி அதனைத் தன் இழப்பாக உணரும்படி செய்யத்தக்க அரசியல் வலுப்பெற்றிருக்கவில்லை. 1983 இன் கொடுமைகளும் அதன்பின் 2009 வரை நீடித்த போரும் அந்த இடைவெளியை இரத்தத்தால் நிரப்பின.

ஹந்தானை மலைச்சரிவிலே தேயிலைத் தோட்டங்கள். கங்கையின் மறுகரையிலே கன்னொறுவையின் கிராமங்கள். இரண்டுக்கும் இடையிலே நமது பல்கலைக்கழகம். இரு பக்கத்துப் பிள்ளைகளும் இங்கு ஒரே நூலகத்திற் படிக்கின்றனர். ஒரு பக்கத்தார் ஹடனவைத் தம் வெற்றியாகவும், மறுபக்கத்தார் அதனைத் தமக்குத் தொடர்பற்ற பிறர் கதையாகவும் கொள்ளும் வரை, 1638 இன் வெற்றி அரசனுக்கே உரியதாயிருக்கும். மரம் வெட்டி வழி மறித்தவனையும், அணிமாறிய லஸ்கரீனையும், மட்டக்களப்பிற் புகலடைந்தவனையும், பாடப்படாமலே மடிந்த காப்பிரியையும் சேர்த்து அப்போரை மீண்டும் எழுதுதல் ஆய்வாளரின் கடமை. அக்கடமையை இரு மொழி மாணவரும் கூடியே நிறைவேற்ற முடியும். ஹடன நூல்களைத் தமிழ் மாணவரும், பரணியையும் புறப்பாடல்களையும் சிங்கள மாணவரும் மூலமொழியிலேயே கற்கும் நிலை இதற்கு முதற்படியாகும். அதற்கான வாய்ப்பு இப்பேராதனை மண்ணிலே உண்டு என்பதே நமது நம்பிக்கை.